தோலுக்கு வைத்த விருந்து

“உங்க தோலு சரியில்லம்மா,” என்றாள் சங்கீதா.

எதிரே உட்கார்ந்திருந்த ஆய்வுக்கூடத்து ஈவாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். முகத்தில் ஒரு பரு, ஒரு கரும்புள்ளி கிடையாது. சங்கீதா குறை சொன்னது அந்தத் தோலை இல்லை. புவன விஸ்தாவில், கண்ணாடியும் குளிருமாக நிற்கிற இந்தக் கட்டடத்து மாடியில், சின்னச் சின்னக் கிண்ணங்களில் மனிதத் தோலை வளர்க்கிறார்களே, அந்தத் தோலை. அதன்மேல்தான் அவளுடைய குளியல் பொடியைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு, எரிச்சல் உண்டாக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதுவுமாக!

ஈவா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “தோலை முதல்ல செக் பண்ணிட்டுதான்லா அக்கா டெஸ்டே ஆரம்பிப்போம். சும்மா தண்ணி போட்ட தோல் நல்லா இருந்துச்சு. எரியும்னு தெரிஞ்ச கெமிக்கல் போட்டது செத்துப்போச்சு. அப்போ தோல் சரியாத்தானே வேலை செய்யுது?”

“அப்போ என் பொடிதான் சரியில்லேங்கிறீங்க.”

ஈவா அறிக்கையைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

சங்கீதாவின் பொடியைச் சரியில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல தேக்காச் சந்தைப் பக்கம் ஆள் கிடையாது. பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே ஒரு குறுகல் கடை அவளுடையது. பொடியை அரைப்பதும் பாட்டிலில் அடைப்பதும் காக்கி புக்கிட்டில் வாடகைக்கு எடுத்த தொழிற்கூடத்தில். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர். ஒவ்வொரு முறை அரைத்ததும் தன் முழங்கைக்குக் கீழே குழைத்துப் பூசிக்கொண்டு, அது காய்ந்து உதிரும் வரை அந்தக் கையோடேயே கடையைப் பார்த்துக்கொள்வாள். வாங்க வருகிறவர்கள் அந்த மஞ்சள் கையைப் பார்த்தே பாட்டிலை எடுப்பார்கள். கல்யாணப் பெண்கள், ராணுவத்தில் தேசியச் சேவை செய்து வேர்க்குரு வந்த பையன்கள், பக்கத்துக் கடைச் சீனத்து ஆண்ட்டி என்று அவளுடைய பொடி போகாத வீடில்லை. இப்போது தீவு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக்கடை நிறுவனம் அதைத் தன் அலமாரியில் வைக்கிறேன் என்று வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. தோலுக்கு எரிச்சல் தராது என்று சோதனை அறிக்கை வேண்டும், அந்தச் சோதனையில் எந்த விலங்கும் துன்பப்பட்டிருக்கக் கூடாது.

அதைக் கேட்டபோது சங்கீதாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முயலின் முதுகை மழித்து மருந்து தடவுவார்கள் என்று எங்கேயோ படித்து, ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாதவள் அவள். வாயில்லா ஜீவன் ஒன்றைத் தன் பொடிக்காக யாரும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். மனிதத் தோலை வளர்த்து அதில் பார்ப்பார்கள் என்றதும், “தோட்டத்துல வெண்டைக்காய் மாதிரியா?” என்று கேட்டுச் சிரித்தாள். தேறுமா தேறாதா என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு ஜூரோங்கில் இருக்கிறவள் ஜூரோங்கிலேயே வாங்கிக்கொள்வாள் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்பது?

“பார்க்கணும்,” என்றாள். “என் பொடியைத் தப்புன்னு சொன்ன தோலை நான் பார்க்கணும்.”

உள்ளே விடமாட்டார்கள். ஆனால் தாழ்வாரத்துக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்க்கலாம் என்று ஈவா கூட்டிப்போனாள். உள்ளே போய் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு தட்டைக் கொண்டுவந்து கண்ணாடியோரம் பிடித்தாள். தட்டில் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு குட்டிக் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறிய ஒரு படலம். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியுமே ஆடை, அதேதான். சங்கீதா நெற்றி கண்ணாடியில் படும்வரை குனிந்தாள்.

ஈவா வெளியே வந்து விளக்கினாள். ஆபரேஷன் செய்யும்போது வெட்டி எடுக்கிற தோலைக் குப்பையில் போடாமல், அந்த மனிதர்களிடம் கேட்டு, சம்மதத்தோடு வாங்குகிறார்கள். அதிலிருந்து செல்களைப் பிரித்துக் கிண்ணத்தில் பரப்புகிறார்கள். அடியிலிருந்து சாப்பாடு, மேலே காற்று. உடம்புமேல் இருக்கிறோம் என்று அதுவாக நினைத்துக்கொண்டு, அடுக்கடுக்காக வளர்ந்து, மேலே ஒரு கெட்டித் தோலும் போர்த்திக்கொள்ளுமாம்.

“அப்போ இது யாரோ ஒருத்தரோட தோலு.”

“ஆமாக்கா. யாருன்னு எங்களுக்கும் தெரியாது.”

சங்கீதாவுக்கு அதுவரை இருந்த கோபத்தில் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்திருந்து, சரி எடுத்துக்கோங்க என்று சொல்லியிருக்கிறது. அதன்மேல் அல்லவா என் பொடியைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் மீதிக் கோபம் மீதியாகவே இருந்தது. “இது சரிம்மா. பொடி போட்டு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, அதைச் சொல்லுங்க.”

பொடியை வைத்து ஈரப்படுத்தி, கழுவிவிட்டு, தோலுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுப்பார்கள். பிறகு ஒரு மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கிற செல் அந்தச் சாயத்தைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றும். செத்த செல் மாற்றாது. பாதிக்கு மேல் உயிரோடிருந்தால் பொடி தேறியது. ஈவா கைபேசியில் படம் காட்டினாள். தண்ணீர் போட்ட தோல் நல்ல கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. சங்கீதாவின் பொடி போட்டது, துவைத்துத் துவைத்துப் பழசான ரவிக்கை மாதிரி வெளுத்துக் கிடந்தது.

சங்கீதாவின் முகம் மலர்ந்தது. “அங்கதான் மாட்டுனீங்க! என் பொடியே மஞ்சள். கஸ்தூரி மஞ்சள் கறை பிடிச்சிருக்கும். உங்க சாயம் எது, என் மஞ்சள் எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்விக்கு ஈவா உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். “சூப்பர் கேள்விக்கா. அதுக்குன்னே செத்த தோல் ஒண்ணுலயும் உங்க பொடியைப் போட்டோம். அதுல எவ்வளவு கலர் ஒட்டுதோ அதைக் கழிச்சுட்டுதான் கணக்கு. கழிச்சும் இதான் வந்துச்சு.”

எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுத்தான் இந்தப் பெண் பேசுகிறாள் என்று சங்கீதாவுக்குப் புரிந்தது. கடைசியாகத் தன் கையை நீட்டினாள். “இங்க பாருங்க. இதே பொடி. அன்னிக்கே பூசிப் பார்த்துட்டுதான் அனுப்பினேன். ஒரு சிவப்பு உண்டா?”

“உங்க கை பல வருஷமா இதுக்குப் பழகுன கைக்கா. அது உங்களை விட்டுக்கொடுக்காது.” ஈவா இப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டாள். “கடையில விக்கிறதும் இதே பொடிதானே?”

“அதேதான். என்ன, இது அதைவிட நல்லா இருக்கும்.”

“நல்லான்னா?”

“பின்னே? ஆராய்ச்சிக்குப் போறது. கடைக்குப் போற மாதிரியா கலப்பாங்க?”

சொல்லும்போதே சங்கீதாவின் குரல் இறங்கிவிட்டது. சம்பந்தி வீட்டுக்குப் பாயசம் கொடுத்தனுப்பும்போது முந்திரியை மேலாக அள்ளிப் போடுவோமா மாட்டோமா? அதைத்தான் அவள் செய்தாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள், குறை வைக்கக் கூடாது என்று தனியாக ஒரு பாட்டில் அளவுக்குக் கலந்தாள். நுரையே வரலையே என்று சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் இல்லையா, அதற்காகப் பூந்திக்கொட்டைத் தூள் தாராளமாக. மூடியைத் திறந்ததும் ஆளைத் தூக்க வேண்டும் என்று கிராம்பு எண்ணெயும் லவங்கப்பட்டை எண்ணெயும். கடைப் பொடியில் இதெல்லாம் ஒரு துளி கிடையாது.

ஈவா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா, பாவம் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. “அக்கா, தோலுக்கு விருந்து வச்சிருக்கீங்க!” என்றாள். “நாங்க பாக்கிறது நீங்க விக்கிறதை. விசேஷத்துக்குச் செய்யறதை இல்ல. கடையிலேர்ந்து சாதா பாட்டில் ஒண்ணு, சீல் உடைக்காம அனுப்புங்க. மறுபடி பண்ணலாம்.”

“அது தேறும். எழுதி வச்சுக்கோங்க, தேறும்.”

“தேறட்டும்கா. தோல் சொல்லும். இந்தப் பொடியில மிச்சம் இருந்தா அதை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க, சரியா?”

சரி என்று தலையாட்டிய பிறகுதான் சங்கீதாவுக்கு அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

மிச்சம் சுவா சூ காங்கில் இருந்தது. அவள் தம்பி குமரன் வீட்டில். தம்பிக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஆண் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை முப்பது. முப்பதாம் நாள் அத்தைக்காரி பொடி தேய்த்துக் குளிப்பாட்டி, காப்புப் போட்டு, காதில் பேர் சொல்லுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். அத்தை என்றால் சங்கீதா ஒருத்திதான். ஆய்வுக்குக் கலந்த அதே பொடியில் பாதியை மருமகனுக்கென்று எடுத்துவைத்து, போன வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அந்தப் பாட்டிலுக்கு ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டியிருந்தாள்.

அன்றைக்கே அங்கே ஒரு சின்னப் பூசல். குமரனின் மனைவி சிவானி, “டாக்டர் இப்போதைக்கு எதுவும் போட வேணாம்னு சொல்லியிருக்காங்க அண்ணி,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சங்கீதா விடுவாளா? “நம்ம வீட்டுல பொடி போடாம வளந்த பிள்ளை ஒண்ணு காட்டு பார்ப்போம்! உன் புருஷன் முதுகைத் தேய்ச்சதே நான்தான், என்ன கெட்டுப்போயிட்டான்?” என்று சிவானியின் அம்மா பாக்கியலட்சுமி, பக்கத்து வீட்டு ஷமீமா எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு போடு போட்டாள். குமரன் கைபேசியில் மும்முரமானான். சிவானி, “முப்பது அன்னிக்கு மட்டும், ஒரே ஒரு தடவை. உங்க கையால,” என்று இறங்கி வந்தாள். ஜெயித்துவிட்ட திருப்தியில் சங்கீதா அன்று எல்ஆர்டி ரயிலில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள்.

சிவானிக்கு ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். புவன விஸ்தா ரயில் மேடையில் நின்று கைபேசியை எடுத்தாள். என்னவென்று சொல்வது? பொடியைத் தொடாதே என்றால் ஏன் என்று கேட்பாள். சிவானி கேட்காமல் விடுகிற ரகம் இல்லை. சோதனையில் தேறவில்லை என்று சொன்னால், அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் தாங்காது. அந்த மௌனத்தை ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். எப்படியும் நான் போகாமல் யாரும் பாட்டிலைத் திறக்கப்போவதில்லை, அது என் உரிமை. அதே மாதிரி பாட்டிலில் சாதாப் பொடியைப் போட்டு, அதே சிவப்பு ரிப்பனைக் கட்டி, போனவுடன் மாற்றி வைத்துவிட்டால் போயிற்று. யாருக்கும் கெடுதல் இல்லை, யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. கைபேசி பைக்குள் போய்விட்டது. மனசு சமாதானமானதா என்றால் இல்லை. சனிக்கிழமை முழுக்கக் கடையில் கூட்டம். ஒவ்வொரு பாட்டிலைப் பையில் போட்டுக் கொடுக்கும்போதும் வெளுத்துப்போன அந்தப் படலம் கண்ணுக்குள் வந்து நின்றது. சாதாப் பொடியைப் பற்றி அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆனாலும் வந்து நின்றது.

ஞாயிறு காலையில் கடையைத் திறந்து பாட்டிலைத் தயார் செய்தாள். சிவப்பு ரிப்பன் எங்கே தேடியும் அகப்படவில்லை. மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினாள். பூக்காரரிடம் சொல்லிவைத்த மாலை இன்னும் கட்டி முடிந்தபாடில்லை, அதற்கு வேறு நின்றாள். சுவா சூ காங்கில் லிஃப்டை விட்டு வெளியே வரும்போதே பிரியாணி வாசனையும் பேச்சுச் சத்தமும் தாழ்வாரம் வரை வந்தன. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

“வந்தாச்சு, அத்தை வந்தாச்சு!” என்றாள் ஷமீமா.

“வாங்க சங்கீதா, எமகண்டம் வந்துடப்போகுதேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்,” என்றாள் பாக்கியலட்சுமி. “நீங்க வந்த உடனே உக்கார வேண்டியதுதான்னு எல்லாம் ரெடி பண்ணிட்டேன். என்ன வாசனை உங்க பொடி! வீடே மணக்குது.”

அவள் கையில் வெள்ளிக் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் பொடியைத் தண்ணீர்விட்டுக் குழைத்திருந்தாள். ஓரத்தில் சின்னச் சின்னதாக நுரை கட்டியிருந்தது. அவிழ்த்த ரிப்பனை யாரோ வீட்டுச் சிறுமி தலையில் கட்டிக்கொண்டு ஓடினாள்.

கிண்ணத்தை வாங்கித் தவறவிட்டுவிடலாமா? பாட்டிலில் இன்னும் மிச்சம் இருக்கும், மறுபடி குழைப்பார்கள். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடலாமா? வேறு யாராவது பூசிவிடுவார்கள். சிவானி துணி கழற்றிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். தூக்கம் இல்லாத கண். குழந்தையின் முதுகு முழுக்கத் திறந்திருந்தது. அவ்வளவு மெல்லியதாக ஒரு தோல் இருக்க முடியும் என்று சங்கீதாவுக்கு இத்தனை வயதில் இன்றைக்குத்தான் தெரிகிற மாதிரி இருந்தது. உள்ளே ஓடுகிற நரம்பின் நிழல்கூட மேலே தெரிந்தது.

“அதைக் கொடுங்கம்மா,” என்று பாக்கியலட்சுமியிடமிருந்து கிண்ணத்தை வாங்கினாள். நேரே சமையலறைக்குப் போய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். மேடைமேல் இருந்த பாட்டிலை எடுத்து மூடியை இறுக்கித் தன் பைக்குள் போட்டாள்.

“என்னக்கா, என்ன ஆச்சு?” என்று குமரன் எழுந்தான்.

“இதைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. டெஸ்டுல தேறல.”

“உங்க பொடியா?” பாக்கியலட்சுமி நம்பாமல் கேட்டாள்.

“என் பொடிதான். நான் கலந்ததுதான்.” சங்கீதாவின் குரல் எப்போதும் போலக் கணீரென்றுதான் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம். “வாசனை வரணும், நுரை வரணும்னு என்னென்னத்தையோ கொட்டிட்டேன். வெள்ளிக்கிழமையே தெரியும். போன் பண்ணிச் சொல்லியிருக்கணும், வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன்.”

சிவானி குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். “டெஸ்டுல என்ன சொன்னாங்க அண்ணி?”

“பாதிக்கு மேல செத்துப்போச்சு.”

“எது?”

“தோலு.”

சிவானியின் கை தானாகப் போய்க் குழந்தையின் முதுகை மூடிக்கொண்டது. ஷமீமா அல்லாவைக் கூப்பிட்டாள். சங்கீதா எதிர்பார்த்துப் பயந்த மௌனம் வந்தது. ஆனால் நின்று வாங்கிக்கொள்ளும்போது அது நினைத்த அளவுக்குக் கனக்கவில்லை. திட்டட்டும், திட்டினால் திட்டுப்படும்படிதான் செய்திருக்கிறேன் என்று நிமிர்ந்தே நின்றாள்.

பாக்கியலட்சுமிதான் பொறுக்க முடியாமல் கேட்டாள். “இப்போ என்ன பண்றது? முப்பது ஆச்சே. கடையில விக்கிற சாதாப் பொடி ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா?”

பைக்குள் அந்தச் சாதாப் பாட்டில் சிவப்பு ரிப்பனோடு இருந்தது. அது நல்ல பொடி. அவள் கை சொல்கிறது, அவளுக்குத் தெரியும்.

“இருக்கு. ஆனா அந்தப் பொடி திங்கக்கிழமைதான் லேபுக்குப் போகுது. அது தேறும், யார்கிட்ட வேணா பந்தயம் கட்டுறேன். தேறினாலும் அது வளந்தவங்க தோலுக்குச் சொன்ன பதில்தான். இவனுக்கு ஒண்ணும் வேணாம். டாக்டர் சொன்னதைச் சிவானி அன்னிக்கே சொன்னா. நான்தான் பெரிய இவ மாதிரி அவ வாயை அடைச்சேன்.”

சிவானி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “தண்ணி ஆறிடும்,” என்றாள். குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, கழுத்துக்கு அடியில் கை கொடுத்து நீட்டினாள். “நீங்களே ஊத்துங்க அண்ணி. வெறும் தண்ணி.”

சங்கீதா புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்தாள். காலிரண்டையும் சேர்த்து நீட்டினாள். சிவானி குழந்தையைக் குப்புற அவள் கணுக்கால்மேல் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். வாசலை அடைத்துக்கொண்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முதல் குவளைத் தண்ணீர் முதுகில் இறங்கியதும் குழந்தை உடம்பை ஒரு முறை சுருக்கி, பிறகு விட்டுக்கொடுத்தது. சங்கீதாவின் வலக்கை பழக்கத்தில் பக்கத்தில் கிண்ணத்தைத் தேடிப் போனது. ஈரத் தரையைத் தடவிவிட்டுத் திரும்பிவந்து, அந்த முதுகுக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, எதுவும் இல்லாத உள்ளங்கையை அவள் மெல்ல அதன்மேல் வைத்தாள்.